ஃபிளாஸ்கில் இருந்த கசப்பு

காபி வாசனைதான், சந்தேகமே இல்லை, யார் கொண்டுவந்து வைத்தார்கள் அந்த இயந்திரத்தை இந்தக் கூடத்தில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே... சிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு என் தோளில் சாய்கிறாள். “அண்ணி, அந்த ஆளு அதை வெளிய போய்க் குடிக்கக் கூடாதா, குடலைப் பிடுங்குது,” என்கிறாள், அந்த ஆளுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் சொல்கிறாள், என் நாத்தனார் வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவு வைக்காமல் கட்டிய வீடு. அவர் காகிதக் கோப்பையை மறைத்துக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போகிறார், பாவம், அவருடைய மனைவி உள்ளே இருக்கிறாளோ என்னவோ. சிட்டு பையிலிருந்து ரஸ்க்கை எடுத்துக் கடிக்கிறாள், துகள் என் மடியில் விழுகிறது, தட்டிவிடுகிறேன். எனக்கும் இப்படித்தான் இருந்தது, காபி வாசனை என்றாலே தொண்டையில் ஏதோ திரண்டு மேலே வரும், எனக்கும்... அதை நான் சொல்வதில்லை. சிட்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவள் “எனக்கு” என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் என் நாக்கு நுனியில் “எனக்கும்” என்று ஒரு சொல் வந்து நிற்கிறது, எனக்கும் கால் வீங்கியது, எனக்கும் புளிப்பாக ஏதாவது வேண்டும் போலிருந்தது, எனக்கும் உள்ளே மீன் துள்ளுகிற மாதிரி முதல் முதலாக... விழுங்கிவிடுகிறேன். கர்ப்பிணிக்கு முன்னால் சொல்லக்கூடிய கர்ப்பமா என்னுடையது. அவளுடைய கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான், பிரசவத்துக்குத்தான் வருவான், என் மாமியார் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன, அப்படியென்றால் அவளுக்கு எங்கள் வீடுதானே. ஆனால் அதைச் சொல்ல அவள் அண்ணன் பட்ட பாடு இருக்கிறதே, என் கணவர், என் முகத்தைப் பார்க்காமல், குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்துக்கொண்டு, “சிட்டுவைக் கூட்டிட்டு வரட்டுமா, உனக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்,” என்றார். “இதையெல்லாம் கேக்கணுமா,” என்றேன் நான். கேட்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் இப்போது எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறோம், விளக்கை அணைக்கட்டுமா, கதவைச் சாத்தட்டுமா, விருந்தாளிகள் மாதிரி.

அவர் உள்ளே வரவில்லை. கீழே வேனில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் முழுக்க வடக்கயிறும் கருவிப் பெட்டிகளும், லிஃப்ட் கம்பெனி கொடுத்த வேன். எங்களை வாசலில் இறக்கிவிட்டு, “வண்டியை நிறுத்த இடம் இல்ல, நான் இங்கயே இருக்கேன்,” என்றார், எதிரே நிறுத்துமிடம் அகலமாகக் காலியாகத்தான் கிடந்தது. சிட்டு வாயைத் திறந்தாள், நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் போன மருத்துவமனைகூட இது இல்லை, அது ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறது, ஆனால் எல்லா மருத்துவமனைக்கும் ஒரே தரை, ஒரே சோப்பு வாசனை, ஒரே நாற்காலி. அன்றைக்கு அவர் உள்ளே வந்திருந்தார். ஐந்தாம் மாதம், வழக்கமாக எடுக்கிற ஸ்கேன், கை கால் எல்லாம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார், குழந்தை நம்மைப் பார்க்கப் போகிறது பார் என்று நான் கேலி செய்தேன். ஸ்கேன் எடுத்த பெண் நல்ல கலகலப்பு, என் வளையலை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே வயிற்றில் ஜெல்லைத் தடவினாள், தேய்த்தாள், திரும்பத் தேய்த்தாள், வளையலைப் பற்றி நான் சொன்ன பதிலை அவள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, பிறகு திரையை மெல்லத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்... அந்தத் திருப்பல். அவ்வளவுதான், அதற்கப்புறம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவே தேவையில்லை.

வார்டில் வந்த டாக்டர் வேறு ஒருவர், முறை மாறி வந்தவர், எங்களை அதற்கு முன் பார்த்ததில்லை, நின்றபடியே பேசினார். காரணம் தெரியவில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடும், என்றார். என் கணவரால் அதைத் தாங்க முடியவில்லை. அவருடைய வேலை அப்படி, லிஃப்ட் நடுவில் நின்றால் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும், ஏதோ ஒன்று கழன்றிருக்கும், சும்மா நின்றது என்று அவர் வாழ்க்கையில் ஒரு லிஃப்ட்டும் நின்றதில்லை. “எதனாலன்னு ஏதாவது இருக்கும்ல டாக்டர்,” என்று கேட்டார், மறுபடி கேட்டார், வேறு மாதிரி கேட்டார். கடைசியில், நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்திருக்கலாம், “இவ க்ரீன் டீ குடிப்பா டாக்டர், தினமும், அதனால இருக்குமா,” என்றார். டாக்டரை யாரோ கூப்பிட்டார்கள், அவர் திரும்பி நடந்துகொண்டே, “அதையெல்லாம் இப்ப யோசிக்காதீங்க,” என்றார். இல்லை என்று சொல்லவில்லை. அதனால் இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும், நடந்துகொண்டே சொல்லலாமே, தலையைக்கூட ஆட்டியிருக்கலாமே. யோசிக்காதீங்க என்றால் யோசிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம், இப்ப வேண்டாம் என்றால் அப்புறம் என்றுதானே. இரண்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை நான் மென்றுகொண்டிருக்கிறேன், டாக்டருடையதை இல்லை, என் கணவருடையதை. இவ குடிப்பா. இவ... நான் பெயரில்லாமல், முகமில்லாமல், ஒரு கெட்ட பழக்கத்தின் சொந்தக்காரியாக அந்தக் கட்டிலில் கிடந்தேன்.

தேடிப் பார்க்காமல் இருந்திருப்பேனா. பேருந்தில், குளியலறையில், கடையில் ஆள் வராத நேரத்தில், கைபேசியில் அதே கேள்வியைத் தட்டித் தட்டி... ஒரு பக்கம் திறந்தால் கர்ப்பிணிகளுக்கு க்ரீன் டீ நல்லது, அளவாகக் குடிக்கலாம் என்று இருக்கும், சிரித்தபடி ஒரு பெண் வயிற்றில் கை வைத்து நிற்பாள், அடுத்ததைத் திறந்தால் ஒரு சொட்டும் கூடாது, ஃபோலிக் அமிலத்தை உறிஞ்சிவிடும், கருவைக் கலைத்துவிடும் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. தெரிந்த டாக்டர் யாரையாவது நேராகக் கேட்டிருக்கலாம், கேட்டால் சொல்லியிருப்பார்கள், சொல்லிவிடுவார்களே என்றுதான் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன், அலமாரியில் அந்தப் பச்சை டப்பா இருந்த இடம் காலியாக இருந்தது, சுத்தமாகத் துடைத்துக்கூட வைத்திருந்தார், வட்டமாக ஒரு தடம் மட்டும். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, குற்றவாளிக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டுமா என்ன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை நின்றுபோயிற்று. முன்பெல்லாம் எதற்கு எதற்கோ சண்டை போடுவோம், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதற்கு, அவர் பாடுகிறேன் பேர்வழி என்று காலையில் கத்துவதற்கு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கதவைத் தட்டி எல்லாம் சரிதானே என்று கேட்டார், அப்படிப்பட்ட சண்டை. இப்போது துண்டு கொடியில் தொங்குகிறது. தட்டை நீட்டினால் தேங்க்ஸ் என்கிறார். தேங்க்ஸ்... என்னிடம்.

“அண்ணி, தூங்கிட்டீங்களா?” இல்லை என்கிறேன். சிட்டு எதிர் வரிசையில் இருக்கும் பெண்ணிடம் எத்தனாவது மாசம் என்று விசாரித்து முடித்து, அவளுக்கு இரட்டைக் குழந்தை என்பதையும் கண்டுபிடித்து, அதை எனக்குச் செய்தியாகச் சொல்கிறாள். தூக்கம், ஆமாம், எனக்கு அந்த மாதங்களில் அது ஒரு வியாதி மாதிரி வந்தது. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது என் வேலை, சின்ன இருட்டறை, எதிரே ஒளி எழுத்துகள், ஆளை உட்கார வைத்து லென்ஸை மாற்றி மாற்றி, முதல்ல பார்த்தது தெளிவா, இப்ப பார்க்கிறது தெளிவா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கேட்டுக் கேட்டு என் குரலே எனக்குத் தாலாட்டாகிவிடும். ஒருமுறை ஒரு பெரியவர், “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்மா,” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறார், நான் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருக்கிறேன், அவர் எழுப்பாமல் தானே எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், பாவம் அந்தப் பெரியவர் என்றார். காபி ஆகவில்லை, கடையில் கொடுக்கிற டீ பாகு மாதிரி இனிக்கும், ஆகவே காலையில் என் கணவர் ஒரு சின்ன ஃபிளாஸ்கில் க்ரீன் டீ போட்டுக் கொடுப்பார், ஒரு கோப்பைக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும், மூடியை இறுக்கி மூடி என் பையின் ஓரத்தில் செருகிவிடுவார், லிஃப்ட் ஆள் மூடினால் அதைத் திறக்க இன்னொரு லிஃப்ட் ஆள்தான் வர வேண்டும். பதினொரு மணிவாக்கில் இருட்டறையில் அதைத் திறப்பேன். அந்தக் கடைசி வாரங்களில் அது கசந்தது. நாக்கு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு கசப்பு. வயிற்றில் பிள்ளை இருந்தால் நாக்கு மாறும் என்பார்கள், என் நாக்குதான் மாறிவிட்டது என்று நினைத்து, அந்தக் கசப்பைக்கூட ஒரு சந்தோஷமாக... பார், என் உடம்பு எனக்குத் தெரியாமல் வேறு ஒருத்தியாகிக்கொண்டிருக்கிறது என்று, கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக் குடித்தேன்.

நர்ஸ் கூப்பிடுகிறாள். சிட்டு ரஸ்க்கை வாயில் அடைத்துக்கொண்டு எழுகிறாள், நான் அவள் பையை எடுத்துக்கொள்கிறேன். உள்ளே டாக்டர் என் வயசுதான் இருப்பார், மேசையில் ஒரு சின்னக் கள்ளிச் செடி, மூக்குக் கண்ணாடி சற்றே சாய்ந்திருக்கிறது, இடது காதுப் பக்கம் நிமிர்த்த வேண்டும், ஒரு நிமிட வேலை, கை பரபரக்கிறது. சிட்டுவைப் படுக்க வைத்து, வயிற்றில் கருவியை வைத்து அழுத்துகிறார், கரகரவென்று சத்தம், ஒன்றுமில்லை, கரகர, ஒன்றுமில்லை, நான் செடியைப் பார்க்கிறேன், முள்ளைப் பார்க்கிறேன், என் கையில் சிட்டுவின் பை இருக்கிறது, அதன் வாரை நான் முறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிகிறது... வந்துவிட்டது. தடதடவென்று, யாரோ மாடிப்படியில் ஓடி வருகிற மாதிரி, நிற்காமல், மூச்சு வாங்காமல். “ஓட்டப் பந்தயத்துக்குப் போகுது போல,” என்று சிட்டு சிரிக்கிறாள், அவள் கண்ணோரம் நனைந்திருக்கிறது, என்னைப் பார்த்துச் சட்டென்று சிரிப்பை அடக்குகிறாள், எனக்காக. வேண்டாம் சிட்டு, சிரி, என்று சொல்ல வேண்டும், கையை மட்டும் நீட்டுகிறேன், பிடித்துக்கொள்கிறாள்.

அவள் எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டே, சாவகாசமாக, காய்கறி விலை கேட்கிற மாதிரி கேட்கிறாள். “டாக்டர், க்ரீன் டீ குடிக்கலாமா? காபி கிட்டவே போக முடியல.” இரண்டு வருடம் நான் சுற்றிச் சுற்றி வந்த கிணறு, இவள் போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டாள். டாக்டர் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், “குடிக்கலாமே,” என்கிறார். “காஃபின்தான் கணக்கு. ஒரு நாளைக்கு இருநூறு மில்லிகிராமுக்குள்ள இருந்தா போதும். ஒரு கப் க்ரீன் டீல முப்பது நாப்பதுதான் இருக்கும், காபின்னா அதைவிட ரெண்டு மூணு மடங்கு. ரெண்டு கப் தாராளமா குடிங்க. சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்காதீங்க, இரும்புச் சத்து மாத்திரை போட்ட கையோடயும் வேண்டாம், சத்து உடம்புல ஒட்டாது, கொஞ்சம் தள்ளிக் குடிங்க. கோலா, சாக்லேட்லயும் காஃபின் இருக்கு, அதையும் சேர்த்துத்தான் கணக்கு.” “சாக்லேட்டுமா,” என்று சிட்டு முகத்தைத் தொங்கப்போடுகிறாள், கடலில் இருக்கிற கணவன் அனுப்புவதே அதைத்தான். குடிக்கலாமே... இவ்வளவுதானா. குடிக்கலாமே என்பதில் அந்த ‘ஏ’ எப்படி விழுந்தது, ஒரு குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி. எனக்கு உட்கார வேண்டும் போலிருக்கிறது, உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

“இன்னொண்ணு டாக்டர்,” என்கிறாள் சிட்டு, நினைவுபடுத்திக்கொள்கிற மாதிரி மேலே பார்த்து, “ஒரே கப்புல ரெண்டு டீ பேக் போட்டா? ரொம்பத் திடமா? தினமும்?” டாக்டர் இப்போது தலையைத் தூக்குகிறார். “ஏன், நீங்க அப்படிக் குடிக்கறீங்களா? கசக்காதா?” “நான் இல்ல, ஒண்ணுதான் போடுவேன். அண்ணன்தான் இதையும் கேட்டுட்டு வரச் சொன்னான்.” கசக்காதா... கசந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. என் நாக்கு மாறவே இல்லை. பெரியவரின் கதையைச் சொல்லி நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், மறுநாள் காலையில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, என்னிடம் சொல்லாமல், இவள் தூங்கி வழிகிறாளே என்று, திடமாக இருக்கட்டும் என்று, மூடியை இறுக்கி... அவரா. அவரா அப்படியென்றால். இதை எப்படிச் சொல்வது, அந்த நொடியில் எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது, கேவலமான, சூடான சந்தோஷம், நான் இல்லை, நான் இல்லவே இல்லை, போட்டுக் கொடுத்தது நீ, இவ குடிப்பா என்று சொன்னாயே, யார் கொடுத்து இவ குடித்தாள், துடைத்து வைத்தாயே அலமாரியை, எதைத் துடைத்தாய். இரண்டு வருடமாக என் மேல் கிடந்த கல்லை எடுத்து அவர் தலையில் வைப்பதற்கு என் இரண்டு கையும் தயாராக இருந்தன. “ரெண்டு போட்டாலும் ஒண்ணும் இல்லம்மா,” என்கிறார் டாக்டர், “ரெண்டு பேக் சேர்த்தாக்கூட ஒரு பெரிய காபி அளவுக்கு வராது. அதனால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. உங்க அண்ணனைக் கவலைப்படாம இருக்கச் சொல்லுங்க.” தூக்கிய கல்லைக் கீழே வைக்க இடமில்லாமல் நான் தவிக்கிறேன்.

என் குரல் கேட்கிறது, நான்தான் பேசுகிறேன். “அஞ்சு மாசம் வரைக்கும் தினமும் குடிச்சிருந்தாலும்? சாயங்காலம் வீட்டுல இன்னொண்ணும் குடிச்சிருந்தா?” டாக்டர் சிட்டுவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார், சாய்ந்த கண்ணாடிக்குள்ளிருந்து, கொஞ்ச நேரம். பேனாவை மூடி வைக்கிறார். “குடிச்சிருந்தாலும் அதனால இல்லம்மா,” என்கிறார். அதனால ஒண்ணும் ஆகாது என்று சொல்லவில்லை, அதனால இல்லை என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. சிட்டு என் முழங்கையைத் தொடுகிறாள். நான் பையை எடுத்துக்கொண்டு, “வர்றோம் டாக்டர், உங்க கண்ணாடி இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு, கடையில கொடுத்தா சும்மாவே நிமிர்த்தித் தருவாங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறேன், பைத்தியம் மாதிரி.

நடைபாதையில் சிட்டு என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். சுவரோரம் நின்று, “அண்ணி, நான் தெரியாமக் கேட்டுட்டேனா,” என்கிறாள். இல்லை என்கிறேன். “அண்ணன் போன தடவையும் கேக்கச் சொன்னான், நான் மறந்துட்டேன். அப்புறம் ரெண்டு நாள் என்கிட்ட முகம் கொடுத்தே பேசல. நான் க்ரீன் டீ குடிக்கறதைப் பார்த்து பயப்படறான்னு நினைச்சேன். டாக்டர் வீட்டுல லிஃப்ட் ரிப்பேருக்குப் போனாக்கூட இதைத்தான் கேக்கணும்னு நினைப்பானாம், வாய் வரைக்கும் வந்துட்டு நின்னுடுமாம். அவனே ஒரு நாள் சொன்னான்.” அவளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம்... என்னிடம் எப்படிச் சொல்வார், நான்தான் தட்டை வாங்கிக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறேனே. அவர் அந்த வார்டில் கேட்டாரே, இவ குடிப்பா டாக்டர், அதனால இருக்குமா... நான் போட்டுக் கொடுப்பேன் டாக்டர் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பயந்துபோன மனிதன் பாதிக் கேள்வியைக் கேட்டிருக்கிறான், நான் அந்தப் பாதியை முழுசாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். டப்பாவைத் தூக்கிப் போட்டது, வட்டத் தடத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது, என் கண்ணில் படக்கூடாது என்றா, தன் கண்ணில் படக்கூடாது என்றா. ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகத் தூக்குக்குக் காத்திருந்திருக்கிறோம், ஒரே குற்றத்துக்கு, நடக்காத குற்றத்துக்கு.

சிட்டு மாத்திரை வாங்க மருந்துக் கடை வரிசையில் நிற்கிறேன் என்கிறாள், நான் நிற்கிறேன் என்றால் கேட்கவில்லை, “நீங்க போங்க அண்ணி,” என்று முதுகில் கை வைத்து வாசல் பக்கம் தள்ளுகிறாள், வாயாடிதான், எல்லாம் தெரிந்த வாயாடி. வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது. வேனின் கதவைத் திறந்து ஏறுகிறேன், கிரீஸ் வாசனை, அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருக்கிறார், வண்டி ஓடிக்கொண்டிருப்பது மாதிரி, நெற்றியோரம் நரைத்திருக்கிறது, எப்போது நரைத்தது, நான் தினமும் எதைப் பார்த்தேன். “குழந்தை நல்லா இருக்காம்,” என்கிறேன். “ம்,” என்கிறார். “இதயத் துடிப்பு நல்லாக் கேட்டுச்சு.” “ம். வேற?” வேற என்ற சொல்லை அவர் எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னதைக் கவனிக்கிறேன். கொஞ்சம் காக்க வைக்கலாம் என்று ஒரு கெட்ட எண்ணம், இரண்டு வருடம் என்னைக் காக்க வைத்தாயே... இல்லை, போதும். “சிட்டு கேட்டா,” என்கிறேன், “ரெண்டு பேக் போட்டாலும் ஒண்ணும் ஆகாதாம். தினமும் குடிச்சாலும். நானும் ஒரு தடவை கேட்டுட்டேன். அதனால இல்லைன்னு சொன்னாங்க.” அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நான் தெரிந்துகொண்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. “நீ தூங்கி வழியறேன்னு சொன்ன,” என்கிறார், அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. “தெரியும்,” என்கிறேன். “நானும்... நான்தான் காரணம்னு நீங்க நினைக்கறீங்கன்னு...” “நீயா?” என்கிறார், புரியாமல், உண்மையாகவே புரியாமல், அந்த எண்ணம் ஒருநாளும் அவர் வாசலைத் தாண்டியதில்லை என்பது அந்த முகத்தில் தெரிகிறது, எனக்கு அழுகை வருகிறது, நான் அழவில்லை.

இப்போது இறங்கிவிட வேண்டும் அல்லவா, பாரம், அவர் தோளிலிருந்தும் என் தோளிலிருந்தும், ஒரு பெருமூச்சு வர வேண்டும், கையை நீட்ட வேண்டும், யாராவது சிரிக்கக்கூட வேண்டும். ஒன்றும் வரவில்லை. அவர் முன்கண்ணாடி வழியாக மருத்துவமனைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேயிலையாவது இருந்தது இவ்வளவு நாள், திட்டுவதற்கு, தூக்கிப் போடுவதற்கு, இரவில் புரண்டு படுத்து அதை மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் என்று நினைப்பதற்கு. அதுவும் போய்விட்டது. “அப்ப ஏன்?” என்கிறார். மெல்ல, யாரிடமும் இல்லாமல். அப்ப ஏன்... அது நின்றுபோன லிஃப்ட்டுக்குக் காரணம் தேடுகிறவருடைய குரல் இல்லை, அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது, அவருக்கும் ஒரு அடிவயிறு இருக்கிறது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அம்மா, அம்மா என்று என்னை நானே எத்தனை முறை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், அது கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று... இவரை ஒரே ஒரு முறை, மனசுக்குள்கூட, அப்பா என்று நான் நினைத்ததில்லையே. அது என் குழந்தை என்று மட்டுமே வைத்துக்கொண்டு, என் குழந்தை, என் வயிறு, என் குற்றம்... பக்கத்தில் இன்னொருவருக்கும் அது செத்துப் போயிருந்தது. மருந்துப் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டு சிட்டு தூரத்தில் வருகிறாள், வரும்போதே ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறாள், இங்கே கேட்கவில்லை, அவள் வந்து சேர்வதற்குள் நான் இவரைக் கூப்பிட வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும், வாயைத் திறக்கிறேன், என்னங்க என்று இத்தனை வருடம் கூப்பிட்ட வாய், இப்போது இந்த மனிதரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல்...